எந்த லைட்ல பாத்தீங்க?

திருப்பூரில் நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த சாயப்பட்டறையின் லேபில் ஒரு பெட்டி இருந்தது. மேசைமேல் வைத்த பெரிய பெட்டி, உள்பக்கம் முழுக்கச் சாம்பல் நிறம், முன்பக்கம் திறப்பு. மேலே நாலு விதமான விளக்கு. ஒரு பட்டனை அழுத்தினால் டி65, பகல் வானத்து வெளிச்சத்துக்கு நிகரானது. அடுத்தது டி.எல்.84, அப்போது ஐரோப்பாவில் துணிக்கடைகளில் எரிந்த டியூப். மூன்றாவது பழைய குண்டு பல்பின் மஞ்சள். நாலாவது புற ஊதா. சாயம் போட்ட துணித்துண்டை உள்ளே 45 டிகிரி சாய்வுப் பலகையில் வைத்து, துணி வாங்கும் பையர் அனுப்பிய மாதிரித் துணியைப் பக்கத்தில் ஒட்டி, ஒவ்வொரு விளக்காக மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். இதுதான் என் வேலை. நாளெல்லாம் இதே வேலை.

சேர்ந்த மூன்றாம் மாதம் ஒரு மெரூன் லாட் திரும்பி வந்தது. டி-சர்ட்டின் பாடித் துணி ஒரு தடவையும் கழுத்து ரிப் இன்னொரு தடவையும் சாயம் ஏறியிருந்தன. நான் டியூப் லைட்டில் பார்த்து இரண்டும் ஒன்று என்று கையெழுத்துப் போட்டிருந்தேன். வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் பிடித்தால் பாடி மெரூனாக இருக்கிறது, ரிப் காய்ந்த ரத்தம் மாதிரி பழுப்பாக இருக்கிறது. மாஸ்டர் திட்டவில்லை. இரண்டு துணியையும் என் கையில் கொடுத்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எந்த லைட்ல பாத்தே கண்ணு?"

ஒரே மெரூனை இந்த மூன்று சாயம் கலந்தும் கொண்டுவரலாம், வேறு மூன்று சாயம் கலந்தும் கொண்டுவரலாம். ஒரு வெளிச்சத்தில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். இன்னொரு வெளிச்சத்தில் பங்காளிகூடக் கிடையாது. மெட்டாமெரிசம் என்பார்கள். துணி மாறவில்லை, கண் மாறவில்லை, விளக்கு மாறியது, நிறம் மாறிவிட்டது. இருபது வருஷமாக மேடைக்கு ஒளியமைத்துக்கொண்டிருக்கிறேன். யார் வந்து இந்தத் தொழிலை எங்கே கற்றீர்கள் என்று கேட்டாலும் அந்தச் சாம்பல் பெட்டிதான் முதலில் கண்முன் வரும்.

நாடகத்துக்குள் வந்தது ஒரு சேலையால். கூட வேலை செய்த நண்பன் கோவையில் ஒரு சின்ன நாடகக் குழுவில் நடித்துக்கொண்டிருந்தான். அரங்கேற்றத்துக்கு என்னையும் இழுத்துப் போனான். கதை ஈரோட்டு மஞ்சள் மண்டிக்கு விரலி மஞ்சள் கொண்டுவந்து விலை கிடைக்காமல் காத்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. புருஷன் ஊரில் காத்திருக்கிறான், அவள் மண்டியில் மூட்டைமேல் உட்கார்ந்து ராத்திரியைக் கழிக்கிறாள். நல்ல அடர்த்தியான மஞ்சள் சேலை கட்டி மேடைக்கு வந்தாள். மண்டியின் சாயங்காலத்தைக் காட்ட மேலே இருந்த எல்லா விளக்கிலும் காவி கலந்த மஞ்சள் ஜெலட்டின் பேப்பர் மாட்டியிருந்தார்கள். அவள் அதற்குள் நுழைந்த மறுநிமிஷம் சேலையில் மஞ்சள் இல்லை. மொத்த மேடையும் ஒரே மஞ்சளாக இருக்கும்போது கண் அதைப் பழகிக்கொண்டுவிடும். வெள்ளைத் துணியும் மஞ்சள் துணியும் அங்கே ஒன்றாகிவிடும். பார்ப்பவர்களுக்கு அது வெள்ளைச் சேலை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான அம்மா ஒருவர் தன் பேத்தியிடம் மெதுவாகச் சொன்னார்: "பாவம், தாலியறுத்தவ சாமி."

எங்கள் பக்கத்தில் வெள்ளைச் சேலை என்றால் என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த அம்மா கடைசிவரை புருஷன் செத்துப்போன பெண்ணின் கதையைத்தான் பார்த்தார். எழுதியவர் எழுதாத கதை, நடித்தவர் நடிக்காத கதை. ஒரு ஜெலட்டின் பேப்பர் சொன்ன கதை.

முடிந்ததும் ஒளியமைத்தவரைத் தேடிப் போய்ச் சொன்னேன். "அண்ணா, அந்தச் சேலை வெள்ளையாத் தெரிஞ்சுதுங்க." அவர் கோபப்படவில்லை. வயர் சுற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டு, "எங்க உக்காந்திருந்தீங்க?" என்றார். காலியான அரங்கில் என்னை அதே நாற்காலியில் உட்கார வைத்து, அந்தச் சேலையை மேடையில் ஒரு கயிற்றில் தொங்கவிட்டு, ஒவ்வொரு விளக்காக ஏற்றிக் காட்டினார். ஒரு பக்கத்து விளக்கில் மட்டும் பேப்பரைக் கழற்றி லேசான நீலம் போட்டபோது சேலை சட்டென்று உயிர் பெற்றது. நீலம் வந்து விழுந்தால்தான் வெள்ளை வெள்ளையாகவும் மஞ்சள் மஞ்சளாகவும் பிரியும். எனக்கு அது லேபில் தினமும் பார்த்த விஷயம். அவருக்கு அது பத்து வருஷ மேடை அனுபவம். இரண்டு பேரும் ஒரே இடத்துக்கு வேறு வேறு வழியில் வந்திருந்தோம். மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை வயர் இழுக்க வரச் சொன்னார். போனேன்.

அந்த லைட்டுக்கார அண்ணனுக்குப் பகலில் கோவை கணபதியில் மோட்டார் வைண்டிங் வேலை. கோயமுத்தூரில் இது தற்செயல் இல்லை. 1930களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காராவிலிருந்து கரண்ட் வந்த பிறகுதான் இங்கே மில்களும் கிணற்று மோட்டார்களும் பெருகின. மோட்டார் பெருகிய ஊரில் வைண்டிங் கடை தெருவுக்கு ஒன்று வரும். வைண்டிங் தெரிந்தவன் கையில் செம்புக் கம்பியும் இரும்புத் தகடும் கிடைத்தால், வோல்ட்டேஜை ஏற்றி இறக்கும் வேரியாக் செய்துவிடுவான். அண்ணன் தன் கையாலேயே ஆறு வேரியாக் சுற்றி ஒரு மரப்பெட்டியில் வரிசையாகப் பொருத்தி, விளக்கை மங்கவும் ஏறவும் வைக்கும் டிம்மர் செய்திருந்தார். பட்டறையில் எல்லாரும் போன பிறகு ராத்திரி உட்கார்ந்து சுற்றியது.

அதற்கு முன்னால் உப்புத்தண்ணீர் டிம்மர் வைத்திருந்தார்களாம். அதைச் செய்தும் காட்டினார். ஒரு குழாயை நிமிர்த்தி வைத்து உப்புக் கரைத்த தண்ணீர் ஊற்றி, அடியில் ஒரு உலோகத் தகடு, மேலே நூலில் தொங்கும் இன்னொரு தகடு. விளக்குக்குப் போகும் கரண்ட் அந்தத் தண்ணீர் வழியாகப் போக வேண்டும். நூலை இறக்க இறக்கத் தகடுகளுக்கு இடையே தண்ணீர் குறையும், விளக்கு மெல்ல மெல்ல ஏறும். அந்த ஏற்றத்தின் மென்மையை நான் இன்றுவரை எந்தக் கருவியிலும் பார்த்ததில்லை. ஆனால் மூன்றாவது காட்சிக்குள் தண்ணீர் கொதிக்க ஆரம்பிக்கும். ஈரத்தரையில் நின்று அதைத் தொட்டால் உயிர் போகும். "இத நீ ஒருநாளும் செய்யக்கூடாது, அதுக்குத்தான் காட்டறேன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைக் கொட்டிவிட்டார்.

அவரிடம் கற்ற பாடங்களில் பாதி இப்படி எதைச் செய்யக்கூடாது என்பதுதான். பார் 64 என்னும் விளக்கு ஆயிரம் வாட். (64 என்பது அதன் விட்டம், அங்குலத்தை எட்டாகப் பகுத்த கணக்கு, அதாவது எட்டு அங்குலம்.) ஒரு விளக்கு நாலு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 15 ஆம்பியர் பிளக்கில் மூன்றுக்கு மேல் மாட்டினால் வயர் சுடும். பன்னிரண்டு விளக்குப் போட்டால் ஐம்பது ஆம்பியர் தாண்டும், எந்த ஊர்ச் சமுதாயக் கூடத்திலும் ஒற்றை லைனில் அதை எடுக்க முடியாது. இந்தக் கணக்கு தெரியாமல் அழகைப் பற்றிப் பேச வேண்டாம் என்பார்.

அழகைப் பற்றியும் பேசினார். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மெக்கேண்ட்லெஸ் என்ற ஆசிரியர் 1932-ல் ஒரு முறையை வகுத்து எழுதினார். நடிகருக்கு இடதும் வலதுமாக, மேலே 45 டிகிரியில், இரண்டு விளக்கு. ஒன்று சூடான நிறம், மற்றது குளிர்ந்த நிறம். முகத்தின் ஒரு பக்கம் வெயிலும் மறு பக்கம் நிழலும் விழுவது மாதிரி. கேட்டதும் எனக்குக் களத்துமேட்டில் காலை ஒன்பது மணிக்கு ராகி தூற்றும் என் அப்புச்சியின் முகம் நினைவுக்கு வந்தது. கிழக்கே வெயில் பட்ட கன்னம் செம்பு நிறம், மேற்குக் கன்னத்தில் வானத்தின் நீலம். பல நூறு தடவை பார்த்த முகம்தான். அன்றைக்குத்தான் நிஜமாகப் பார்த்தேன். லேபின் சாய்வுப் பலகையும் 45 டிகிரி, மேடை விளக்கும் 45 டிகிரி என்பதும் அன்று ராத்திரி என்னைத் தூங்கவிடவில்லை.

வங்காளத்து ஒளியமைப்பாளர் தாபஸ் சென் பற்றி அண்ணன் சொல்லாத நாள் குறைவு. 1959-ல் கல்கத்தா மினர்வா தியேட்டரில் உத்பல் தத் போட்ட 'அங்கார்' நாடகத்தில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்து தொழிலாளிகள் மூழ்குவார்கள். மேடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. வெறும் வெளிச்சத்தை வைத்தே தண்ணீர் மட்டம் ஏறுவதைக் காட்டினார் தாபஸ் சென். பெரிய கருவிகளை வைத்து அல்ல. கையில் கிடைத்த தகரத்தையும் சாதாரண பல்பையும் வைத்துக்கொண்டு மாயம் செய்தவர் என்றுதான் அவரை அறிந்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். தமிழில் நவீன நாடகங்களுக்குப் பல வருஷம் ஒளியமைத்தவர் செ. ரவீந்திரன், டெல்லியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். இலக்கியம் படித்த கண் விளக்கைத் தொட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவர் பெயரைத்தான் நான் சொல்வேன்.

எங்கள் மண்ணிலும் வெளிச்சத்தில் பித்துப் பிடித்தவர்கள் இருந்திருக்கிறார்கள். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். அந்தத் தெரு இன்றும் அவர் அரங்கின் பெயரில்தான் இருக்கிறது. மேடையில் தந்திரக் காட்சிகளுக்காகவே சனம் கூடிய ஆர்.எஸ். மனோகர் நாமக்கல்லில் பிறந்தவர். இவர்கள் வரிசையில் என்னைச் சேர்க்கவில்லை. இந்தத் தொழில் எங்கள் ஊருக்கு அந்நியம் என்று சொல்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஆறேழு வருஷம் பகலில் சாயம், ஞாயிறில் நாடகம் என்று ஓடியது. 2011 ஜனவரி கடைசியில் உயர்நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. நொய்யலில் நாங்கள் விட்ட தண்ணீர் என்ன நிறம் என்று எல்லாருக்கும் தெரியும். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே உழவு செய்தவர்கள் பட்ட பாடும் தெரியும். உத்தரவு சரி என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் மறுநாள் காலையில் வேலை இல்லை. வீட்டில் ஒரு கைக்குழந்தை. அப்போதுதான் அண்ணன், "முழுநேரமா வந்துரு" என்றார். அவர் சொன்ன நேரம் எப்படிப்பட்டது என்றால், அடுத்த வருஷம் எங்கள் பக்கம் பகலும் ராத்திரியும் மணிக்கணக்கில் கரண்ட் இல்லை. கரண்ட்டே இல்லாத ஊரில் லைட்டுக்காரன். ஜெனரேட்டரை நம்பித்தான் பிழைத்தோம். ஒரே நேரத்தில் எல்லா விளக்கையும் ஏற்றினால் ஜெனரேட்டர் மூச்சுத் திணறும், வெளிச்சம் நடுங்கும். அதனால் எதையும் படிப்படியாக ஏற்றப் பழகினேன். இன்று என் வெளிச்சம் மெதுவாக வருகிறது என்று சொல்பவர்கள் அதை ரசனை என்கிறார்கள். டீசல் என்ஜின் கற்றுத் தந்த பழக்கம் அது.

அந்த வருஷங்களில் நாடகம் மட்டும் சோறு போடாது. என் முதல் நாடகத்துக்குக் கிடைத்தது முந்நூறு ரூபாய். கல்யாண வரவேற்பு, கல்லூரி ஆண்டு விழா, ஊர் நோம்பி எல்லாவற்றுக்கும் போனேன். இப்போதும் போகிறேன். அதைக் குறைவாகப் பேசும் நாடகக்காரர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கல்யாண மேடையில் பெண்ணின் முகத்துக்கு விளக்கு வைக்கத் தெரியாதவன் நாயகியின் முகத்துக்கு எப்படி வைப்பான்?

நோம்பிக்குப் போனதில்தான் நான் கற்ற பெரிய பாடம் இருக்கிறது. காங்கேயம் பக்கம் ஒரு ஊரில் அண்ணன்மார் கதை. உடுக்கையடித்துப் பல ராத்திரி பாடி, கடைசியில் படுகளம். பொன்னரும் சங்கரும் களத்தில் விழ, அருள் வந்தவர்களும் விழுவார்கள். விழுந்தவர்களை வரிசையாகக் கிடத்தி வெள்ளைத் துணி போர்த்துவார்கள். தங்காள் வந்து தீர்த்தம் தெளித்து எழுப்புவாள். அந்த வருஷம் இளந்தாரிகள் சேர்ந்து லைட் நன்றாக இருக்க வேண்டும் என்று என்னை அழைத்திருந்தார்கள். நானும் ஆசையாகப் போனேன். படுகளம் என்றால் ரத்தம், ரத்தம் என்றால் சிவப்பு. நாலு மூலையிலும் சிவப்பு வைத்துச் சாயங்காலமே ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதை சொல்லும் பெரியவர் வந்தார். எழுபது வயது இருக்கும். இடுப்பில் துண்டு, கையில் உடுக்கை. சிவப்பு வெளிச்சத்துக்குள் போய் நின்று தன் வேட்டியைக் குனிந்து பார்த்தார். சட்டை செய்யாமல் திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். என்னிடம் வந்து, "சாமி, இதுல வெள்ளைத் துணி போத்துனா என்ன நெறமாத் தெரியுமுங்க?" என்றார்.

"செவப்பாத்தானுங்க தெரியும்."

"அப்புறம் தங்காளு எதப் பாத்துட்டு எழுப்புவா? துணி வெள்ளையா இருந்தாத்தான் எந்திரிப்பாங்கன்னு சனத்துக்கு நம்பிக்கை வரும். செவப்பாயிட்டா முடிஞ்சுபோச்சுன்னு ஆயிரும். ரத்தத்த நான் பாட்டுல சொல்லிக்கறனுங்க. நீங்க துணிய வெள்ளையா உட்டுருங்க."

சாயப்பட்டறை மாஸ்டர் கேட்ட கேள்வி வேறொரு வாயிலிருந்து வந்தது போல இருந்தது. பெரியவர் தன் சின்ன வயதில் எப்படி இருந்தது என்றும் சொன்னார். ஒரு பெட்ரோமாக்ஸ், அதையும் உயரத்தில் தொங்கவிடாமல் திண்ணை உயரத்தில் வைப்பார்களாம். உடுக்கையின் நிழல் கோயில் சுவரில் ஆள் உயரத்துக்கு எழும். உள்ளே காற்றழுத்தம் குறைந்து மேண்டில் சிவக்கும் நேரத்தில் யாராவது வந்து பம்ப் அடிப்பார்கள், வெளிச்சம் உஸ்ஸென்று ஏறும். பாட்டுக்காரர் அதற்காகவே ஒரு அடியை இழுத்துப் பாடி, வெளிச்சம் ஏறும்போது அடுத்த அடியை எடுப்பார். வெளிச்சத்துக்கும் பாட்டுக்கும் இடையே அப்படி ஒரு பேச்சு இருந்திருக்கிறது. பம்ப் அடித்த ஆள்தான் எங்கள் ஊரின் முதல் ஒளியமைப்பாளர் என்று எனக்குத் தோன்றுகிறது.

நாலு சிவப்பையும் இறக்கினேன். ஒரே ஒரு விளக்கை, பேப்பர் எதுவும் இல்லாமல், இடுப்பு உயரத்தில் ஓரமாக வைத்தேன். நடுச்சாமத்தில் துணிகள் வெள்ளையாகக் கிடந்தன. தங்காள் வேஷக்காரர் தண்ணீர் தெளித்ததும் ஒரு துணி முதலில் அசைந்தது. கூட்டத்தில் ஒரு பெண் "எந்திரிங்க சாமி, எந்திரிங்க" என்று கத்தினார். விளக்கில் கைவைக்கவே இல்லை நான். அந்த ராத்திரி நான் செய்த ஒரே வேலை மாலையில் நாலு விளக்கைக் குறைத்து ஒன்றாக்கியதுதான். அதற்கு ஈடாக இன்னும் எதையும் செய்துவிடவில்லை.

ஒரு விபத்தையும் சொல்ல வேண்டும், தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்காக. ஒரு கல்வி நிறுவனத்தில் நாடகம். மின் இணைப்பை அவர்கள் ஆளே கொடுத்தார். மெயின் போர்டைத் திறந்து பார்க்கக் கேட்டேன். நேரமில்லை, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். நானும் விட்டுவிட்டேன். அது என் தப்பு. இரண்டாம் காட்சியில் மேடையின் இடப்பக்க விளக்குகள் மங்கின, வலப்பக்கம் கண்ணைக் கூசும் வெள்ளையாக ஏறியது. அரை நொடியில் புரிந்தது: நியூட்ரல் விட்டுப்போச்சு. மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் திருகு தளர்ந்தால் ஒரு விளக்குக்கு 230 வோல்ட் என்ற கணக்கு உடைந்துவிடும். இரண்டு ஃபேஸுக்கு இடையில் உள்ள நானூறு வோல்ட்டை விளக்குகள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்ளும், எந்தப் பக்கம் விளக்குக் குறைவோ அந்தப் பக்கத்துக்கு அதிகம் போய்ச் சேரும். மெயினை நோக்கி நான் ஓடுவதற்குள் வலப்பக்கம் ஐந்து பல்பு வரிசையாக வெடித்தது. ஒரு கண்ணாடித் துண்டு பதினேழு வயதுப் பையன் ஒருவனின் கையில் பட்டது. நாலு தையல். அவன் சிரித்துக்கொண்டு, "பரவால்லீங்ணா" என்றான். எனக்கு ஒரு வாரம் தூக்கம் இல்லை. பல்புகளுக்கும் பணம் தரவில்லை, அந்தப் பையனைப் பார்க்கவும் யாரும் வரவில்லை. அன்றிலிருந்து எங்கே போனாலும் என் சொந்த டிஸ்ட்ரிப்யூஷன் பெட்டியை எடுத்துப் போகிறேன். அதில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும், வோல்ட்டேஜ் ஏறினால் வெட்டிவிடும் ரிலேயும் இருக்கின்றன. நியூட்ரல் திருகை நானே என் கையால் முறுக்கிப் பார்க்காமல் மெயின் ஏற்ற விடமாட்டேன். கோபித்துக்கொண்டு நிகழ்ச்சியை ரத்து செய்தாலும் சரி. விளக்குக் கூட்டுக்கு வாய்ப்பக்கம் கம்பி வலை, தொங்கவிடும் ஒவ்வொன்றுக்கும் கொக்கி போக இரண்டாவதாக ஒரு இரும்புக் கயிறு. இதில் பேரம் கிடையாது.

கருவிகள் மாறிவிட்டன. எல்.இ.டி. வந்த பிறகு ஐம்பது ஆம்பியர் கேட்ட மேடை பத்து ஆம்பியரில் முடிகிறது. ஒற்றை ஃபேஸ் உள்ள ஊரிலும் நாடகம் போடலாம். வெயில் காலத்தில் நடிகர்கள் வியர்வையில் குளிப்பதில்லை. ஒரு விளக்கிலேயே எந்த நிறமும் வரும். இதெல்லாம் பெரிய வரம். ஆனால் மலிவான எல்.இ.டி.யில் தோல் நிறம் செத்துப்போகும். எங்கள் ஊர்க் கறுப்புத் தோலில் உள்ள செம்பும் தேனும் காணாமல் போய்ச் சாம்பல் பூத்துத் தெரியும். நிறத்தை உள்ளது உள்ளபடி காட்டும் அளவு தொண்ணூறுக்கு மேல் இருக்கும் விளக்காகக் கேட்டு வாங்குங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். இன்னொன்று, அணைவது. ஹாலஜன் பல்பு இறங்க இறங்கச் சிவந்து, கம்பி கடைசியாக ஒரு தணல்போல நின்று அணையும். எல்.இ.டி. கடைசிப் பத்து சதவீதத்தில் படி படியாகத் தத்தி, பொட்டென்று போய்விடும். இறங்கும்போது காவியை நான் கையால் கலந்து கொடுத்தால்தான் ஓரளவு அந்தத் தணல் வரும். ஒரு சாவுக் காட்சியின் கடைசி மூன்று நொடி அதில்தான் இருக்கிறது. அதற்காக இரண்டே இரண்டு ஹாலஜனை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அரங்குகளைப் பற்றிச் சொன்னால் மனம் கனக்கும். கொங்கு நாட்டில் பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கல்யாண மண்டபத்துக்கு எவ்வளவு வேண்டுமானாலும் செலவழிக்கிறோம். ஆனால் பார்வையாளர் தலைக்கு மேலே, மேடைக்கு முன்னால், விளக்குத் தொங்கவிட ஒரு குறுக்குக் குழாய் உள்ள அரங்கைத் தேடினால் விரல்விட்டு எண்ணலாம். அந்தக் குழாய் இல்லாவிட்டால் 45 டிகிரி கிடையாது. விளக்கை மேடை விளிம்புக்கு நேர் மேலேயே தொங்கவிட வேண்டும், கண்குழி இருண்டுவிடும். புதிதாகக் கூடம் கட்டும் ஊர்க்காரர்கள் இதைப் படித்தால், மேடையிலிருந்து பதினைந்து இருபது அடி தள்ளி, கூரையிலிருந்து ஒரு இரண்டு அங்குல இரும்புக் குழாய் விட்டுவையுங்கள். பெயிண்ட் அடிக்கும் செலவுகூட ஆகாது.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நாடகக்காரர்கள் இன்றும் லைட்டுக்காரனைக் கடைசி நாள் கூப்பிடுகிறார்கள். மைக்செட்டையும் நாற்காலியையும் சொல்வது மாதிரி. "நாளைக்கு நாடகம், எட்டு லைட்டு வேணும்" என்று போன் வரும். ஒத்திகையில் உட்காராதவன் சேலையின் நிறத்தை எப்படி அறிவான்? அந்தப் பெண் எந்த வசனத்துக்கு முன்னால் தலை நிமிர்கிறாள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? இப்போதெல்லாம் முதல் வாசிப்பிலேயே வந்து உட்கார விடாத குழுவுக்கு நான் வேலை செய்வதில்லை. அந்த நாட்களுக்குக் காசு கேட்பதும் இல்லை.

மூன்று வருஷமாகத் தாராபுரத்துப் பெண் ஒருத்தி என்னிடம் வேலை பழகுகிறாள். மின்னியல் டிப்ளமோ படித்தவள். ஏணி ஏறுவதில் என்னைவிடத் தைரியம். பெண்பிள்ளை ராத்திரி லைட் வேலைக்குப் போவதா என்று அவள் வீட்டில் வெசனப்பட்டார்கள். அவள் ஆத்தாவே ஒருநாள் ஒத்திகைக்கு வந்து ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. போன மாசம் பெருந்துறையில் ஒரு குடோனில் ஒத்திகை. அதே மஞ்சள் மண்டி நாடகத்தை வேறொரு குழு புதிதாகப் போடுகிறது. நடிப்பவர் வேறு, சேலை வேறு. இந்தப் பெண் முதல் நாளே அந்தச் சேலையை வாங்கிக்கொண்டு போய்க் குடோன் வாசல் வெயிலில் ஒரு தடவையும், உள்ளே டியூபின் கீழ் ஒரு தடவையும், தன் டார்ச்சில் ஒரு தடவையும் விரித்துப் பார்த்தாள். நான் சொல்லிக் கொடுத்ததுதான். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பிறகு அவள் க்யூ எழுதிய நோட்டை வாங்கிப் பார்த்தேன். எந்த வசனத்தில் எந்த விளக்கு, எத்தனை நொடி என்று ஓரத்தில் குறிப்பது வழக்கம். மண்டியில் விடியும் காட்சிக்கு நேராக நான் எப்போதும் "மூட்டையைத் தூக்கும்போது, 12 நொடி" என்று எழுதுவேன். அவள் அப்படி எழுதியிருக்கவில்லை. "மூச்ச இழுத்துட்டு, விட்டதுக்கப்பறம்" என்று பென்சிலில் இருந்தது. நொடிக்கணக்கு எங்கே என்று கேட்டேன்.

"அது அந்தக்கா எவ்வளவு நேரம் புடிச்சு வெக்கறாங்களோ அவ்வளவுங்ணா. இந்த வாரத்துல ஏழு தடவ பாத்துட்டேன். ஒருநாளும் ஒரே மாதிரி இல்லீங்."

ஒத்திகை ஆரம்பித்தது. அவள் கண் நடிகையின் தோள்பட்டையில் இருந்தது. விரல் விளக்கை ஏற்றி இறக்கும் ஃபேடரின்மேல். தோள் ஏறியது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது.